பழைய எம்எம் 540-க்குத் தகர டாப்பா, துணி டாப்பா?

போடியிலிருந்து மேலே ஏலத்தோட்டத்துக்குப் போய்வர நான் வைத்திருப்பது 1992 மாடல் மஹிந்திரா எம்எம் 540 ஜீப். பெஜோ வடிவமைப்பில் செய்த 2112 சிசி டீசல் எஞ்சின், நாலு கியர், நாலு பக்கமும் பட்டை ஸ்பிரிங். வண்டி என் கைக்கு வந்தபோதே தலையில் ஒரு தகர டாப், அதாவது தகரத்தில் அடித்த மேற்கூடு, இருந்தது. கம்பெனி கொடுத்தது இல்லை. முன்னாள் உரிமையாளர் ஏதோ ஒரு பாடி பட்டறையில் 20 கேஜ் தகடும் ஒரு இஞ்ச் சதுர பைப்பும் வைத்து அடித்தது. வெளியே பார்க்கப் பளபளவென்று இருந்தாலும், சுரண்டினால் பெயின்டுக்குக் கீழே பட்டி, பட்டிக்குக் கீழே துரு. பின் ஜன்னலின் கீழ் மூலை இரண்டிலும் விரல் நீளத்துக்கு விரிசல். மழை பெய்தால் டிரைவர் தலைக்கு நேர் மேலே ஒழுகும். பட்டறையில் விரிசலைப் பற்றவைப்பார்கள், அடுத்த பருவத்துக்குள் அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று திறக்கும்.

இந்த வருடம் எஃப்சி (தகுதிச் சான்று) வருவதற்கு முன்னால் இதற்கு ஒரு முடிவு கட்டிவிடுவது என்று உட்கார்ந்தேன். வழி மூன்று: பழையதைப் பிரித்துவிட்டுப் புதுத் தகர டாப் அடிப்பது, ஃபைபர் டாப் போடுவது, அல்லது வண்டி முதலில் எப்படி வந்ததோ அப்படித் துணி டாப்புக்கே திரும்புவது. மச்சான் தகரத்தின் பக்கம். “துணி போட்ட ஜீப்ல பூட்டு எதுக்கு மாப்ள, பிளேடு ஒண்ணு போதுமே” என்பது அவர் கட்சி. எனக்கு வெல்டிங் செய்யும் பட்டறைக்காரரோ எதிர்க்கட்சி. தகரம் அடித்தால் அவருக்குத்தான் வருமானம், ஆனாலும் அவர் சொன்னது இது: “அண்ணே, இந்த வண்டி முறுக்கிட்டேதான் ஓடும். மேல என்ன போட்டாலும் அதுவும் முறுக்கத் தெரிஞ்சதா இருக்கணும்.”

விஷயம் அங்கேதான் இருக்கிறது. ஜீப்பின் பாடி, சேசிஸ் என்ற ஏணி வடிவ அடிச்சட்டத்தின் மேல் ரப்பர் பேக்கிங் வைத்து போல்ட் போட்டது. ஒரு பக்க முன் சக்கரம் பள்ளத்தில் இறங்கி, எதிர்ப்பக்கப் பின் சக்கரம் கல்லில் ஏறும்போது சேசிஸ் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கே திருகும். மேலே திறந்த பாடியும் கூடவே திருகிக்கொடுக்கும். அதன் தலையில் தகரப் பெட்டியை வைத்து முன்னால் கண்ணாடி ஃபிரேமோடும் பின்னால் பாடி விளிம்போடும் இறுக்கிவிட்டால் கதை மாறிவிடுகிறது. தீப்பெட்டியின் உள்தட்டைத் தனியே எடுத்துத் திருகிப் பாருங்கள், எளிதாக வளையும். வெளிக்கூட்டுக்குள் தள்ளிவிட்டுத் திருகினால் மூலையில் கிழியும். என் டாப்பில் விரிசல் விட்ட இடமும் மூலைதான். ஜன்னலை 90 டிகிரி கூர்மூலையாக வெட்டியிருந்தார்கள். கூர்மூலையில்தான் முறுக்கு முழுவதும் வந்து குவியும். கம்பெனிகள் வடிவமைக்கும் டாப்களில் ஜன்னல் மூலைகள் உருண்டையாக இருப்பது அழகுக்காக மட்டும் இல்லை. அவற்றை உட்காரவைக்கும்போது நடுவில் தடித்த ரப்பர் பட்டையும் கொடுப்பார்கள். என் வண்டியில் ரப்பரும் இல்லை, சில இடங்களில் நேராகவே பற்றவைத்திருந்தார்கள்.

எடையையும் சொல்லவேண்டும். 20 கேஜ் தகடு சுமார் 0.9 மில்லிமீட்டர் தடிமன், சதுர மீட்டருக்கு ஏழு கிலோ வரும். கூரை, இரண்டு பக்கம், பின்கதவு எல்லாம் சேர்ந்து ஐந்து சதுர மீட்டரைத் தொடும். அதோடு பைப் சட்டம், 5 மில்லிமீட்டர் கண்ணாடி (அதுவே சதுர மீட்டருக்குப் பன்னிரண்டரை கிலோ), ரப்பர், கீல். பிரித்து எடுத்துப் பழைய இரும்புக் கடைத் தராசில் வைத்தபோது 70 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே காட்டியது. ஒரு ஆள் எடை, அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் அந்த ஆள் சீட்டில் உட்காரவில்லை, கூரையில் படுத்திருக்கிறார். போடிமெட்டு ஏறும்போது 17 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் இந்தக் குறுகலான வண்டி சாயும் சாய்வில் அவர் பங்கு இருந்தது என்பது, அவரை இறக்கிவிட்ட பிறகுதான் தெரிந்தது.

சத்தம் தனிக்கதை. பழைய டீசல் எஞ்சின் போடும் சத்தம் துணிக்கூரையில் வெளியே போய்விடும், தகரக்கூரைக்குள் சுற்றிச்சுற்றி வரும். உள்ளே ஃபெல்ட்டோ ஃபோமோ ஒட்டினால் குறையும். ஆனால் மலைப்பனியில் தகரத்தின் அடிப்பக்கம் வியர்த்து, அந்த நீர் ஃபோமுக்குள் ஊறி, உள்ளிருந்தே துரு கிளம்பும். என் கூரையின் பைப் சட்டம் அரித்துப்போனது மேலிருந்து வந்த மழையால் இல்லை, இந்த வியர்வையால்தான். வெயிலிலும் இதே கதை. சித்திரையில் போடி வெயிலில் நிறுத்திய தகர டாப் ஜீப்புக்குள் ஏறி உட்கார்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஃபைபரைப் பற்றி நியாயமாக ஒன்று சொல்லிவிடுகிறேன். துருப்பிடிக்காது, தகரத்தைவிட எடை குறைவு, விரிசல் விட்டால் கண்ணாடியிழை மேட்டும் ரெசின் பசையும் வாங்கி வீட்டிலேயே ஒட்டிக்கொள்ளலாம். போல்ட் போடுமிடத்தில் உள்ளே இரும்புப் பட்டை வைத்து வார்த்திருந்தால் நன்றாகவே உழைக்கும். வைக்காவிட்டால் ஓட்டை நாளடைவில் நீண்டு டாப் ஆட ஆரம்பிக்கும். வேண்டும்போது கழற்றிக்கொள்ளலாம் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். கழற்ற நாலு பேர் வேண்டும், கழற்றியதை வைக்க ஒரு கொட்டகை வேண்டும். நான் பார்த்த ஃபைபர் டாப் ஜீப்களில் கழற்றி மாட்டுகிறவர் யாரும் இல்லை. என் வண்டிக்கு அது சரிப்படாமல் போனதற்கு வேறு காரணமும் இருந்தது. முறுக்கும் பாடியில் இறுக்கமான பெட்டி என்ற அதே பிரச்சினை ஃபைபருக்கும் உண்டு, கொஞ்சம் குறைவாக.

அப்புறம் ஆர்சி புத்தகம். என்னுடையதில் பாடி டைப் என்ற இடத்தில் சாஃப்ட் டாப் என்றே இருக்கிறது. தகர டாப் போட்டவர் அதை எங்கும் பதியவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கட்டமைப்பு மாற்றங்களை அனுமதித்த கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை மாற்றி, உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. மெட்டைத் தாண்டினால் கேரளம், அங்கே சோதனையும் கறார். துணி டாப்புக்குத் திரும்புவதென்றால் ஆர்சியில் உள்ளபடியே வண்டி நிற்கிறது, யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டாம். பழைய ஜீப் வாங்குகிறவர்கள் டாப்பைத் தட்டிப் பார்ப்பதற்கு முன்னால் இந்த ஒரு வரியைப் பார்த்துவிடுவது நல்லது.

துணிக்கு எதிராக மச்சான் சொன்னதிலும் பொய் இல்லை. பூட்ட முடியாது. எலி கடிக்கும், குரங்கு கிழிக்கும். தேனிப் பக்கம் ஆனி, ஆடிக் காற்று சாதாரணக் காற்று இல்லை. ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளை நட்டு வைத்திருப்பது சும்மா இல்லை. ஆனால் என் வண்டி இரவில் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது, பகலில் தோட்டத்தில் ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் நிற்கிறது. தெருவில் நிற்பதே இல்லை. பூட்டவேண்டிய சாமான் என்று பார்த்தால் ஸ்பானர், ஜாக்கி, சில சமயம் மருந்து டப்பா. அதற்குப் பின்சீட்டுக்கு அடியில் பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டி ஒன்று போதும் என்று முடிவு செய்து துணிக்கே போனேன்.

தகரத்தைப் பிரித்ததும் முதலில் தெரிந்தது, டாப்பைவிடப் பாடிக்குத்தான் வேலை அதிகம் என்பது. பாடி விளிம்பில் போல்ட் ஓட்டைகள் எல்லாம் முட்டை வடிவத்துக்கு நீண்டிருந்தன. கண்ணாடி ஃபிரேமின் கீழ் மூலைகளில் துரு, டாப் இழுத்த இழுப்பில் ஃபிரேமின் கீலும் தளர்ந்திருந்தது. துருவை வெட்டி எடுத்துப் புதுத் துண்டு வைத்து கேஸ் வெல்டிங், ஓட்டைகளுக்கு வாஷர் வைத்துப் பற்றவைத்து மறுபடி டிரில், சேசிஸுக்கும் பாடிக்கும் நடுவே கல்லாகிப்போன ரப்பர் பேக்கிங் எல்லாம் புதிது. இதையெல்லாம் செய்யாமல் எந்த டாப் போட்டாலும் வீண்.

டாப்புக்கான வளைவுக் கம்பிகளை ஒரு இஞ்ச் 16 கேஜ் பைப்பில் வளைத்தோம். இதில் கவனிக்க வேண்டியது உயரம். எல்லா வளைவையும் ஒரே மட்டத்தில் வைத்தால் நடுவில் துணி தொய்ந்து தண்ணீர் குளம் கட்டும், குளத்தின் எடையில் துணி இன்னும் தொய்யும். நடு வளைவை முன் வளைவைவிட ஒரு இஞ்ச் தூக்கி, கடைசி வளைவைச் சற்றுத் தாழ்த்தினால் தண்ணீர் இரண்டு பக்கமும் ஓடிவிடும். வளைவுகளுக்கு இடையே நீளவாக்கில் கட்டில் நாடாவை இழுத்துக் கட்டினோம். துணி பைப்பைத் தொடும் இடங்களிலும் அதே நாடாவைச் சுற்றினோம். வெயிலில் காயும் பைப் துணியைக் கருக்கும், ஓட்டத்தில் உரசி ஓட்டையும் போடும். சைக்கிள் டியூப் சுற்றுவது பழைய வழக்கம். வெயிலில் அது இளகித் துணியோடு ஒட்டிக்கொள்வதால் எனக்குப் பிடிக்கவில்லை.

இந்தக் கம்பிகளைப் பார்த்துவிட்டு, வண்டி கவிழ்ந்தால் தாங்கும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தாங்காது. 20 கேஜ் தகரமும் தாங்காது. அந்த வேலைக்கு சேசிஸோடு பிடிப்புள்ள ரோல் பார் வேண்டும். தகர டாப் பாதுகாப்பு, துணி டாப் ஆபத்து என்ற பேச்சில் பாதி இந்தக் குழப்பம்தான்.

துணி விஷயத்தில் குஷன் கடை பாயிடம் நிறையக் கற்றுக்கொண்டேன். கடையில் மூன்று வகை காட்டினார். ரெக்சின் மலிவு, வெயிலில் இரண்டு வருடத்தில் வெடிக்கும் என்று அவரே ஒதுக்கிவிட்டார். லாரிக்குப் போடும் பிவிசி தார்ப்பாய், துணியாகப் பார்த்தால் சொட்டுத் தண்ணீர் விடாது. ஆனால் தையல் ஊசி போட்ட ஓட்டை ஓட்டையாகவே நிற்கும், அதன் வழியே ஒழுகும். சூடுகாட்டி ஒட்டும் மெஷின் இருந்தால் பிவிசிதான் சிறந்தது, அது எங்கள் ஊர்க் கடையில் இல்லை. மூன்றாவது பருத்திக் கித்தான், அதாவது கேன்வாஸ். நனைந்தால் நூல் உப்பி ஊசி ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளும், காற்றும் கொஞ்சம் நுழையும், கிழிந்தால் எந்தக் கடையிலும் ஒட்டுப்போட்டுத் தைக்கலாம். ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும் என்பது ஒன்றுதான் குறை. கித்தானையே எடுத்தேன். நூல் மட்டும் வெறும் பாலியஸ்டர் வேண்டாம், பருத்தி சுற்றிய பாலியஸ்டர் நூல் என்று பாய் பிடிவாதமாகச் சொன்னார். பருத்தி உப்பும், உள்ளிருக்கும் பாலியஸ்டர் அறாது.

அளவெடுக்கும்போது நான் இழுத்துப் பிடித்து அளக்கச் சொன்னேன். “தம்பி, இது நனைஞ்சா சுருங்கும். இப்ப டைட்டா தச்சா முதல் மழையில பட்டன் எல்லாம் பிச்சுக்கிட்டு வரும்” என்று பாய் எல்லாப் பக்கமும் ஒரு விரல் தளர்வு விட்டார். தையல் எல்லாம் இரட்டை மடிப்பு, மடிப்பின் வாய் பின்பக்கம் பார்த்து. முன்பக்கம் பார்த்திருந்தால் ஓடும் வேகத்தில் மழைநீரை அதுவே உள்ளே வாரிக்கொள்ளும். தையல் எதுவும் வளைவுக் கம்பிக்கு நேர் மேலே வராதபடி துண்டுகளை வெட்டினார், கம்பி உரசினால் முதலில் போவது நூல் என்பதால்.

முன்விளிம்பைப் பிடித்து நிறுத்துவதுதான் துணி டாப்பின் உயிர். வண்டி ஓடும்போது கூரைக்கு மேலே காற்றழுத்தம் குறையும், உள்ளே அதிகமாக இருக்கும். ஆகவே துணி கீழே அமுங்காது, மேலே உப்பும். வெறும் பட்டன் போட்டு நிறுத்தினால் ஆடிக் காற்றில் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும். கண்ணாடி ஃபிரேமின் மேல் விளிம்பு முழுக்க அலுமினிய சேனல் ஒன்றைத் திருகி, துணியின் முன்விளிம்பில் கயிறு வைத்துத் தைத்து, அதை ஓரத்திலிருந்து சேனலுக்குள் உருவிவிட்டோம். பக்கங்களுக்குத் திருகு பட்டனும் பெல்ட்டும். பின் திரைக்கு மட்டும் ஜிப், அதுவும் பிளாஸ்டிக் ஜிப். உலோக ஜிப் ஒரு மழைக்காலம் தாண்டினால் பச்சை பூத்து அசையாது.

ஜன்னலுக்குத் தெளிவான பிவிசி ஷீட், கடையில் மைக்கா என்பார்கள். அரை மில்லிமீட்டருக்குக் குறைந்தது வேண்டாம், அலை அலையாகத் தெரியும். இதைப் பெட்ரோலோ தின்னரோ தொட்டுத் துடைத்தால் அப்போதே புகைமூட்டமாகிவிடும். சோப்புத் தண்ணீரும் மெத்துத் துணியும் போதும். அதிகாலைக் குளிரில் சுருட்டினால் மடிப்பில் உடையும். வெயில் ஏறிய பிறகு சுருட்ட வேண்டும், அல்லது சுருட்டாமலே கழற்றிப் போர்வையில் சுற்றிவைக்க வேண்டும்.

மாட்டி முடித்ததும் குழாய்த் தண்ணீரால் முழுவதும் நனைத்து, வெயிலில் காயவிட்டு, மறுபடியும் நனைத்தோம். முதல் நனைப்பில் தையல் எல்லாம் ஒழுகியது. மச்சான் ஒன்றும் பேசவில்லை, பார்த்துவிட்டுச் சிரித்தார். காய்ந்து மறுபடி நனைத்தபோது நூல் உப்பி இடம் பிடித்துவிட்டது. துணியும் சுருங்கி, பாய் விட்ட தளர்வு மறைந்து சரியாக நின்றது. கடைசிவரை ஒழுகியது கண்ணாடி ஃபிரேமின் இரண்டு மேல் மூலைகள். சேனல் முடியும் இடத்துக்கும் கதவுத் திரைக்கும் நடுவே ஒரு சந்து. அங்கே வெளிப்பக்கம் நாலு விரல் அகலத்தில் ஒரு மடல் தைத்து, உள்ளே பஞ்சு பீடிங் ஒட்டியதும் நின்றது.

ஓட்டிப் பார்த்ததில் எதிர்பாராத ஒன்று: பின் திரையைச் சுருட்டிக் கட்டிவிட்டு, பக்கத் திரைகளை மூடி ஓட்டினால், வண்டிக்குள் டீசல் புகையும் புழுதியும் வருகிறது. சதுரமான பின்பக்கம் உள்ள எந்த வண்டியிலும் நடப்பதுதான் இது. ஓடும்போது பின்னால் காற்றழுத்தம் குறைந்து, சைலன்சர் விடும் புகை திரும்பி உள்ளே இழுக்கப்படும். பின்னால் ஆட்கள் உட்கார்ந்து வரும்போது இது விளையாட்டு இல்லை. மூடினால் பின் திரையை மூடு, திறந்தால் எல்லாத் திரையையும் திற; இரண்டுக்கும் நடுவில் வேண்டாம் என்று தோட்டத்து டிரைவருக்கும் சொல்லிவைத்திருக்கிறேன். சைலன்சர் வாயைப் பின்னாலிருந்து பக்கவாட்டுக்குத் திருப்பியதும் கொஞ்சம் உதவியது.

மற்றபடி, கம்பியும் துணியும் சேர்த்து மொத்தமே 15 கிலோ அளவுதான். வளைவுகளில் வித்தியாசம் தெரிகிறது. எஞ்சின் சத்தம் குறைந்தது, ஆனால் 60-க்கு மேல் போனால் துணி அடித்துக்கொள்ளும் சத்தம் வந்து அந்தக் கணக்கைச் சமன் செய்துவிடுகிறது. மலையில் 60 எங்கே போகப்போகிறோம், தேனி ரோட்டில்தான் இந்தத் தொல்லை. இரவில் மைக்கா வழியாகப் பின்னால் ஒன்றும் தெரியாது, பக்கக் கண்ணாடிகள் இரண்டையும் பெரிதாக மாற்றியாயிற்று. செலவு, புதுத் தகர டாப்புக்குப் பட்டறையில் சொன்ன தொகையில் பாதிகூட ஆகவில்லை. பாடி வேலைக்குத்தான் கூடுதலாகப் போனது.

எல்லோருக்கும் துணிதான் சரி என்று சொல்லமாட்டேன். தினமும் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோகும் வண்டி, இரவில் தெருவோரம் நிற்கும் வண்டி, மதுரைக்கும் சென்னைக்கும் ஓடும் வண்டி என்றால் தகர டாப்போ ஃபைபரோதான். அதுவும் 1985 இறுதியில் வந்த மாருதி ஜிப்ஸி போல, கம்பெனியே துணி டாப்பும் ஹார்ட் டாப்பும் தனித்தனியாகக் கொடுத்த வண்டியாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம். அந்த ஹார்ட் டாப்பை அந்தப் பாடிக்கென்றே வடிவமைத்திருக்கிறார்கள், ஆர்சியிலும் அப்படியே இருக்கும். பட்டறையில் அடிக்கும் தகர டாப்தான் எனக்குச் சந்தேகம். அடித்தே ஆகவேண்டும் என்றால் ஜன்னல் மூலையை உருட்டி வெட்டச் சொல்லுங்கள், பாடிக்கும் டாப்புக்கும் நடுவே தடித்த ரப்பர் வைத்து போல்ட் மட்டும் போடச் சொல்லுங்கள், பட்டி பூசும் முன் உள்பக்கத்துக்கும் துருத்தடுப்பு பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள்.

என் வண்டியில் இப்போது பாக்கி இருப்பது ஐப்பசி மழைக்கு முன் கூரைத் துணிக்கு மெழுகு ஏற்றுவது. பாரபின் மெழுகைத் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த டப்பாவில் உருக்கி, அடுப்பை அணைத்து, வெட்டவெளிக்கு எடுத்துப்போய் டர்பன்டைன் கலந்து பிரஷ்ஷால் பூச வேண்டும். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் கலப்பது கூடவே கூடாது. டிரைவர் பக்கத் திருகு பட்டன் ஒன்று ஆட ஆரம்பித்திருக்கிறது, அதற்குப் பித்தளை வாஷர் வாங்கி வைத்திருக்கிறேன். பின்சீட்டு இரும்புப் பெட்டிக்கு மச்சானே பூட்டு வாங்கிக் கொடுத்துவிட்டார், சாவி ஒன்று அவரிடம் இருக்கிறது.